வசவுக்கு முளைக்கும் சீரகம்

வெயிலாளின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து விழுந்ததும் பண்டிதர் ஏகாம்பரம் கையிலிருந்த கூடையை நழுவவிட்டார்.

மூன்று மாதமாக அவளிடம் வைத்தியத்துக்காகத் தங்கியிருக்கிறார். அவள் குரல் உயர்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. கசாயத்தைத் துப்பிவிட்டு அடம்பிடிக்கிற நோயாளியிடம்கூட, "குடிங்க, சாமி" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டாள். வயிற்றுக்கோளாறு என்று பத்து ஊர் தாண்டி வருகிறவர்கள் மருந்தில் பாதியும் அவள் பேச்சில் பாதியுமாகக் குணமாகிப் போவதை அவரே பார்த்திருக்கிறார். அந்த வாயா இது?

"நாசமாப் போற மூதி! வெளங்காத சனியனே! மண்ணோட மண்ணா மக்கிப் போ!"

அதற்கு அடுத்து வந்ததை எழுத முடியாது. எழுதினால் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள்.

ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தது ஆளும் இல்லை, மாடும் இல்லை. அவள் கையிலிருந்து கரிசல் பாத்தியில் விழுந்துகொண்டிருந்த சீரகம்.

"தாயே!" என்றார் பண்டிதர். "தங்களுக்கு உடல்நலம் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன், ஐயா. கூடையை எடுங்க. விதை சிந்துது."

சொல்லிவிட்டு மறுபடியும் சீரகத்தின் பிறப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

பண்டிதர் டவுன் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளுக்கு எந்தப் பெயர் எப்படி வந்தது என்று தோண்டித் துருவுவதில் பெரிய பைத்தியம். சீரகத்துக்கு மட்டும் நாற்பது பக்கம் எழுதிவைத்திருந்தார். வாய் அவ்வளவு சுத்தம். பையன்களை அடித்தபோதுகூட, "கையை நீட்டுங்கள்" என்றுதான் அடித்திருக்கிறார். தகாத சொல் ஒன்றுகூடத் தன் நாவில் வந்ததில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே கர்வம். ஒரே கர்வம் என்றாலும் அது கொஞ்சம் பெரியது.

மூன்று வருஷமாக அவருக்குச் சாப்பாடு செரிக்கவில்லை. ஒரு பிடி சோறு உள்ளே போனால் நெஞ்சில் நெருப்பு வைத்த மாதிரி எரியும். டாக்டர்கள் கைவிட்ட பிறகு யாரோ சொல்லி இங்கே வந்தார். வெயிலாள் சீரகத் தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே, அந்தப் பெயரின் வரலாற்றை அவளுக்குச் சொன்னார்.

"சீர் என்றால் ஒழுங்கு, அகம் என்றால் உள். உள்ளே ஒழுங்கு செய்வதால் சீரகம் என்பது ஒரு கட்சி. செரிப்பது என்று பொருள் தரும் வடமொழி வேரிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. இரு கட்சியாரும் நூறு வருடமாகச் சண்டையிடுகிறார்கள்."

"சாப்பிட்டுட்டா சண்டை போடுறாங்க?" என்று கேட்டாள் அவள்.

பண்டிதருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தே பல காலம் ஆகியிருந்தது. வயதில் தன்னைவிடப் பதினெட்டு வருஷம் இளையவளான அந்தப் பெண்ணை "குருவே" என்று கூப்பிட்டார். "தண்ணி குடிச்சதுக்கெல்லாமா குரு?" என்று அவள் மறுத்துவிட்டதால் "தாயே" ஆயிற்று. மருந்துக்கு வந்தவர் போகவே இல்லை. இலை அரைத்தார், வேர் இடித்தார், கசாயம் வடிகட்டினார். வயிறு மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

இன்று காலையில் அவர் மனைவி வடிவிடமிருந்து கடிதம் வந்தது. நாலே வரி.

"குழல்மொழி வெள்ளிக்கிழமை ரயிலில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரரோடு வடக்கே போகிறாள். அவருக்கு அங்கே சுரங்கத்தில் வேலை. இனி எப்போது வருவாளோ தெரியாது. ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள்."

குழல்மொழி அவருடைய ஒரே மகள். இன்று புதன்கிழமை.

கடிதத்தை வெயிலாளிடம் படித்துக் காட்டினார். "அவளாகவே ஒருவரைத் தேர்ந்து மணந்துகொண்டாள், தாயே. நான் தடுக்கவில்லை. தகாத சொல் ஒன்றும் சொல்லவில்லை. முறைப்படி அவள்தான் வந்து என்னை வணங்க வேண்டும். நான் போக வேண்டுமா?"

"இன்னைக்கு விதைப்பு. வாங்க" என்று சொல்லி, கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அப்படி வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து.

அந்தப் பக்கத்தில் வேறு யாரும் சீரகம் போடுவதில்லை. அடைமழை ஓய்ந்து குளிர் ஆரம்பிக்கும்போது வெயிலாள் மட்டும் மூன்றே பாத்தி போடுவாள். தூறல் விழுந்தாலும் கருகும், மூடுபனி விழுந்தாலும் கருகும், அத்தனை நோஞ்சான் பயிர். அதைப் போய் இப்படி ஏசுவதா? பண்டிதருக்கு மனசே ஆறவில்லை.

"தாயே, எதற்கு இந்த வசை? இது அந்தச் செடிக்குத் தகுமா? எவ்வளவு மேன்மையான பெயர் அதற்கு!"

"பேரு நீங்க வச்சது. அது கேட்டுச்சா?"

"ஆனாலும்..."

"வடக்கே மணல்காட்டுல இருந்து வந்த வியாபாரி ஒருத்தன் எங்க முப்பாட்டனுக்கு ஒரு குத்து விதை குடுத்தானாம். பாராட்டிப் போட்டா முளைக்காது, ஏசிப் போட்டாத்தான் முளைக்கும்னு சொல்லிக் குடுத்தானாம். அன்னையில இருந்து ஏசுறோம்."

"இது அப்பட்டமான மூடநம்பிக்கை."

"ஆமா" என்றாள் வெயிலாள். மறுக்கவே இல்லை.

பக்கத்துப் பாத்தியில் சங்கிலியம்மா நின்றிருந்தாள். விதைப்புக்கு வருஷம் தவறாமல் வருகிறவள், அறுபது வயசு, சேலையை வரிந்து கட்டியிருந்தாள். எதிரே அவள் மருமகள் பேச்சித்தாய். விதையோடு உலர்ந்த மணலைக் கலந்து இருவரும் தூவத் தொடங்கினார்கள். வாயும் தூவத் தொடங்கியது.

"ஊமைக் கோட்டான்! குழம்புல உப்பு இல்லைன்னு சொன்னா மூணு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறவளே!" என்று சங்கிலியம்மா விதையைப் பார்த்துக் கத்தினாள்.

"போற வாரவளுக எல்லார்கிட்டயும் மருமகளைப் பத்திக் குறை சொல்லித் திரியற கிழட்டு மூதி! உனக்குக் காடு கூப்பிடலையா?" என்றாள் மருமகளும் விதையைப் பார்த்தே.

அடுத்தது கைகலப்புதான் என்று எண்ணிப் பண்டிதர் ஓரடி பின்னால் நகர்ந்தார். விலக்கிவிடுங்கள் என்பதுபோல வெயிலாளைப் பார்த்தார். அவளோ தன் பாத்தியில் செத்துப்போன தன் கணவனை, குடித்தே அழிந்தவனை, நாலு தலைமுறைக்கும் சேர்த்து ஏசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புருஷன் இருந்தான் என்பதே அன்றுதான் பண்டிதருக்குத் தெரியும்.

பெண்களின் கூடைகள் காலியானதும் எல்லாச் சத்தமும் அடங்கியது. வேலை முடிந்த மாமியாரும் மருமகளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒரே கும்பாவில் கம்மங்கூழ். சங்கிலியம்மா மிளகாயைக் கடித்துப் பாதியை மருமகளிடம் நீட்டினாள். பேச்சித்தாய் வாங்கிக்கொண்டாள்.

பண்டிதர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏச்சைவிட அந்த அரை மிளகாய்தான் அவரைத் திகைக்கவைத்தது.

"மூணாவது பாத்தி உங்களுக்கு" என்று வெயிலாள் காட்டினாள். "போடுங்க."

"போடுகிறேன். ஆனால் ஏசமாட்டேன்."

"ஏசாம இந்த மண்ணுல விதை விழாது."

"எனக்கு வராது, தாயே. ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. பொய் இல்லை."

"வாத்தியாரய்யாவுக்கு நான் சொல்லித் தாரேன்" என்றாள் மரத்தடியிலிருந்து சங்கிலியம்மா. கூழ் வாயோடு சிரித்தாள்.

வெயிலாள் சிரிக்கவில்லை. "கெட்ட வார்த்தை வேண்டாம், ஐயா. உங்க வாயில இருந்து வந்ததுலயே எது ரொம்பப் பலிச்சுதோ, அதைச் சொல்லிப் போடுங்க."

பலித்த சொல். பண்டிதர் யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. மூன்று வருஷமாகத் தனியே இருக்கும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்ட பேச்சு ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு சொல்கூடக் கூடுதல் குறைவு இல்லாமல் எத்தனை நிதானமாகப் பேசினோம் என்று அவருக்கே அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. வேறு யாராக இருந்தாலும் கூச்சல் போட்டிருப்பார்கள்.

"சொல்கிறேன். ஆனால் இதில் வசை ஏதும் இல்லை."

"பரவாயில்லை."

அவர் ஒரு பிடி விதையை அள்ளினார். வகுப்பில் பாடம் சொல்வதுபோல நிமிர்ந்து நின்றார்.

"என் மகள் திருமணமாகி மூன்று ஆண்டு கழித்துக் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்து நின்றாள். அப்போது நான் சொன்னது." விதையைத் தூவிக்கொண்டே சொன்னார். "வாருங்கள், அம்மா. யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்? இந்த வீட்டில் குழல்மொழி என்று ஒரு பெண் இருந்தாள். அவள் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வெயிலில் வந்திருக்கிறீர்கள். தண்ணீர் அருந்திவிட்டுச் செல்லுங்கள்."

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சங்கிலியம்மா எழுந்து நின்றிருந்தாள். அவள் கை நெஞ்சில் இருந்தது. காலையிலிருந்து ஊர்வாய் அத்தனையையும் தன் வாயில் வைத்திருந்தவள், இப்போது வாய் திறக்க முடியாமல் நின்றாள்.

"பெத்த புள்ளையவா?" என்றாள் கடைசியில். "பெத்த புள்ளைகிட்டயா?"

"கடுஞ்சொல் ஏதும் இல்லையே, அம்மா" என்றார் பண்டிதர். "மரியாதையாகத்தானே சொன்னேன். கைகூப்பித்தான் சொன்னேன்."

"கும்பிட்டு வேறயா?"

சங்கிலியம்மா மூன்று தடவை தரையில் துப்பினாள். அவருடைய பாத்திக்குப் பக்கத்தில் இருந்த தன் காலிக் கூடையை எடுத்து அப்பால் கொண்டுபோய் வைத்தாள்.

பேச்சித்தாய் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுகொண்டிருந்தாள். அவளும் ஒருத்தர் வீட்டுப் பெண்தான். அவளுக்கும் எங்கோ ஒரு அப்பா இருப்பார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "தண்ணி குடுத்தீங்களே, குடிச்சாங்களா?"

பண்டிதர் இதுவரை அதைப் பற்றி நினைத்ததில்லை. அந்தப் பேச்சைத்தான் நினைத்திருக்கிறாரே தவிர, அதற்குப் பிறகு நடந்தது எதையும் நினைத்ததில்லை. இப்போது கேட்டதும் செம்பு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"குடிக்கவில்லை" என்றார். "குழந்தைக்குப் புகட்டினாள்."

"அப்புறம்?"

"செம்பை வாசற்படியில் வைத்தாள். என்னைப் போலவே கைகூப்பினாள். ‘வர்றோம், ஐயா’ என்றாள்."

அந்த "ஐயா" அவர் வாயிலிருந்து வெளியே வந்தபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷமாக அது அவர் காதில் விழுந்தே இருக்கவில்லை. அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஐயா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

வெயிலாள் அவரிடம் வந்தாள். மீதி விதையோடு கூடையை வாங்கிக்கொண்டாள். வரப்பில் கிடந்த உடைமுள் கிளையை இழுத்து வந்து மூன்றாவது பாத்தியின் குறுக்கே போட்டாள்.

"என்ன செய்கிறீர்கள், தாயே?"

"இதுல இந்த வருஷம் வேண்டாம்."

"நான் சொன்ன சொல்லால் விதை முளைக்காது என்கிறீர்களா? தாங்களே மூடநம்பிக்கை என்று ஒத்துக்கொண்டீர்களே!"

"விதைக்கு என்ன தெரியும்? அது முளைச்சாலும் முளைக்கும்." அவள் வலக்கையை நீட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. எத்தனையோ புண்ணைக் கழுவி, எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்ட கை அது. "எனக்குத்தான் போட முடியலை, ஐயா."

பண்டிதர் அந்தக் கையையே பார்த்தார். பயந்துபோனார். தான் சொன்னதைக் கேட்டு ஒரு கை இப்படி நடுங்கும் என்றால், அன்றைக்கு வாசலில் குழந்தையைப் பிடித்திருந்த கை என்னவாகியிருக்கும்?

வரப்பில் உட்கார்ந்தார்.

"ஒரு தகாத சொல் இல்லையே" என்றார். இந்தமுறை அவருக்கே அது நம்பும்படியாக இல்லை.

"இல்லைதான்" என்றாள் வெயிலாள். "இருந்திருந்தா அவ அழுதிருப்பா. பதிலுக்கு உங்களையும் ரெண்டு ஏசியிருப்பா. அழுதுட்டு உள்ள வந்து அவங்கம்மாகிட்ட சோறு கேட்டிருப்பா."

பண்டிதர் முகத்தைப் பொத்திக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் பையன்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற மனுஷன், கரிசல் மண்ணில் குறுகி உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதார். யாரும் தடுக்கவில்லை. சங்கிலியம்மா மட்டும் கும்பாவில் மிச்சமிருந்த கூழைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாவி மனுஷன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வெயில் ஏறிவிட்டது. டவுனுக்குப் போகிற பஸ் பன்னிரண்டு மணிக்கு. அதைப் பிடித்தால் இன்றைக்கே மகள் இருக்கும் ஊருக்குப் போய்விடலாம்.

"போகிறேன், தாயே" என்றார். எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "கதவைத் திறப்பாளா?"

"தெரியலை."

"காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கட்டுமா?"

"கேட்டீங்கன்னா, வெளியாள் யாரோ வந்திருக்காங்கன்னு நாற்காலி எடுத்துப் போடுவா. தண்ணி கொண்டாந்து குடுப்பா."

அவர் நெஞ்சில் எரிகிற இடத்தில் யாரோ கை வைத்து அழுத்திய மாதிரி இருந்தது.

"பிறகு நான் என்னதான் சொல்வது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தாங்களே ஒரு சொல் சொல்லிக் கொடுங்கள்."

வெயிலாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம், ஐயா. வாசல்ல நின்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி, ‘என்னை விட்டுட்டு எங்கடி போற, மூதி’ன்னு ஏசுங்க."